மழை குறைவு என்பது பாதி உண்மைதான்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கம் குழாய் வறண்டால் போதும், "நம்ம நாடே வறண்ட நாடுதானே" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, அது பொய்யில்லை. உலக சராசரி மழையில் ஏறக்குறைய பாதிதான் தென்னாப்பிரிக்காவில் பெய்கிறது. ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்காக 1986இல் ஒப்பந்தம் போட்டு, பக்கத்து நாடான லெசோத்தோவின் காட்சே அணையிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருகிறோம். அதற்கு அந்த நாட்டுக்குப் பணமும் கட்டுகிறோம்.

இத்தனை பாடுபட்டும் என்ன நடக்கிறது? அரசின் தண்ணீர்த் துறை 2023இல் வெளியிட்ட 'நோ டிராப்' அறிக்கையைப் பாருங்கள். நகராட்சிகள் குழாயில் விடும் தண்ணீரில் ஏறக்குறைய 47 சதவீதத்துக்கு ஒரு காசும் திரும்பி வருவதில்லை. பெரும்பகுதி உடைந்த குழாய்களில் ஒழுகி மண்ணுக்குள் போகிறது. மற்றது திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், அனுப்பாத பில்.

கம்போடியாவின் புனோம் பென் நகரம் நம்மைவிட மோசமான நிலையில் இருந்தது. போரில் சிதைந்த ஊர். 1993இல் அங்கே 72 சதவீதத் தண்ணீர் கணக்கில் வராமல் போனது. அப்போது அந்த ஊர்க் குடிநீர் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற எக் சொன் சான் பழைய குழாய்களை மாற்றினார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். பெரிய அதிகாரி வீடானாலும் பாக்கியைக் கேட்டு வாங்கினார். பதினைந்து, இருபது வருடங்களில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. அவருக்கு 2006இல் மகசேசே விருது கிடைத்தது. அந்த ஊரில் மழை கூடியதால் வந்த மாற்றம் இல்லை இது.

நம் மக்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. 2018இல் வறட்சி வந்து கேப் டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்றதும் மக்கள் குளித்த தண்ணீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது நம் ஜனங்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள். வசதியுள்ளவர் வீட்டில் 'ஜோஜோ' என்ற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைத்துக்கொள்கிறார். மாடிக் குடியிருப்பில் இருக்கும் பாட்டி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். புரட்டாசி விரதத்துக்கு வீடு கழுவக்கூட ஒரு நாள் முன்னாலேயே தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

போதுமான தண்ணீர் நம் அரசியல் சாசனம் தந்த உரிமை. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் புது அணையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்லப்போகிறேன். நம் வார்டில் எத்தனை கிலோமீட்டர் பழைய குழாய் இருக்கிறது, எந்த வருடத்துக்குள் மாற்றுவீர்கள், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். நீங்களும் கேளுங்கள்.