மழையின் மேல் பழி போடாதீர்கள்

மொரீசியஸின் மேற்குக் கரையில், தலைநகர் போர்ட் லூயியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தமரினில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் பொறாமை தெரிகிறது. கடல், மலை, நீச்சல் குளம் வைத்த வில்லாக்கள், கால்ஃப் மைதானம், வெளிநாட்டவர் நிறைந்த உணவகங்கள் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவையெல்லாம் இங்கே உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. இதை எத்தனை ஆண்டுகளுக்குத்தான் பொறுத்துக்கொள்வது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தூக்கம் போய்விடும். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து குழாயைத் திறந்து வைக்கிறோம். முதலில் காற்று சீறுகிறது. பிறகு செம்மண் நிறத்தில் நூல் போல ஒழுகுகிறது. அது தெளிந்து வாளி நிரம்பத் தொடங்கும் நேரத்தில் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. மாடித் தொட்டிக்கு ஏறும் அளவுக்கு அழுத்தம் கிடையாது. ஆகையால் கீழே இன்னொரு தொட்டி, அதிலிருந்து மேலே ஏற்ற ஒரு மோட்டார், அந்த மோட்டாருக்கு மின்கட்டணம் என்று, அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு நாங்கள் கைக்காசைப் போடுகிறோம். தொட்டியும் மோட்டாரும் வாங்க வழியில்லாதவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அண்டை வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த வறட்சி மாதங்களில்தான் எங்களுக்குப் புரட்டாசி வருகிறது. சனிக்கிழமை கோவிந்தனுக்குப் படையல் போட்டு, வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது இந்தத் தீவில் எங்கள் முன்னோர் விட்டுப்போன வழக்கம். ஏழு கறிக்கு எத்தனை பாத்திரம் கழுவ வேண்டும் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். எதிர் வீட்டு அக்கா, எழுபது வயதைக் கடந்தவர், விரதத்தோடு வாசலில் நின்று, "தம்பி, தண்ணி லாரி நம்ம தெருவுக்கு வருமா, இல்ல மேல ரோட்டோட திரும்பிப் போயிடுமா?" என்று என்னைக் கேட்டார். லாரி மேல் சாலையோடு திரும்பிப் போய்விட்டது. அவர் குளிக்காமல் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் படையல் உச்சிவேளை தாண்டித்தான் நடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

தொலைபேசியில் முறையிட்டால் ஒரு புகார் எண் கொடுக்கிறார்கள். மறுநாள் அழைத்தால் புதிதாக இன்னொரு எண். காரணம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: மழை இல்லை.

மேற்குக் கரையில் மழை குறைவு என்பது இன்று தெரிந்த செய்தியா? தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று நடு மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய்த்தான் மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. எங்களுக்குக் கிடைப்பது அதில் கால் பங்கு கூடத் தேறாது. இந்த வெயிலையும் வறட்சியையும் நம்பித்தான் அந்தக் காலத்தில் தமரினில் உப்பளமே போட்டார்கள். 1999 வறட்சியில் தீவு முழுவதும் கரும்பு காய்ந்து சர்க்கரை உற்பத்தி சரிந்ததை எங்கள் வயதினர் யாரும் மறக்கவில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், 2002இல் வெளிநாட்டவர் சொகுசு வில்லா வாங்குவதற்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்து, குறைந்தது 5 லட்சம் டாலர் போடுபவருக்கு வசிப்புரிமையும் கொடுத்து, இந்த வறண்ட கரையிலேயே வில்லா வில்லாவாகக் கட்ட விட்டார்கள். அந்த வீடுகளுக்கு அனுமதி வழங்கிய கை, அதே வேகத்தில் எங்கள் தெருவுக்குப் புதுக் குழாய் போடாதது ஏன்? வந்து குடியேறியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விற்றதை அவர்கள் வாங்கினார்கள். நிலத்தின் விலை ஏறி எங்கள் பிள்ளைகள் சொந்த ஊரில் வீடு கட்ட முடியாமல் போனது தனிக் கதை.

ஆற்று நீரின் மேல் தனியாருக்கு உள்ள உரிமைகள் இன்றளவும் 1863ஆம் ஆண்டு ஆறுகள், கால்வாய்கள் சட்டத்தின் அடிப்படையில்தான் நடக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில், கரும்புத் தோட்டக்காரர்களின் காலத்தில், எங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் ஒப்பந்தக் கூலிகளாக வெட்டிக்கொண்டிருந்த நாளில் எழுதிய சட்டம் அது. நாடு 1968இல் விடுதலை அடைந்தது. எத்தனையோ அரசாங்கங்கள் மாறின. தண்ணீர் யாருக்கு முதலில் என்ற கேள்வியைத் தொட மட்டும் எவருக்கும் துணிவு வரவில்லை.

மழை பெய்த ஆண்டில் என்ன நடந்தது? 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் அடித்துக்கொண்டு போயின. அந்த ஆண்டும் வறட்சி மாதங்களில் எங்கள் குழாய் காய்ந்துதான் கிடந்தது. தீவின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான மாரே ஓ வாக்குவா மேட்டுநிலத்தில், எங்களிடமிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. தேக்கங்களிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் நீரில் பாதிக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. பெரும்பகுதி பழைய குழாய்களின் ஓட்டைகளில் ஒழுகிப்போகிறது. எங்கள் தெரு முனையில் அப்படி ஓர் இணைப்பு கசிகிறது. சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, அந்த இரண்டு முழ இடத்தில் மட்டும் கோரை முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. வந்து பார்த்தவர்கள் தாரின் மேல் வெள்ளைச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். சாயம் அழிந்துவிட்டது; கசிவு நிற்கவில்லை.

தேக்கங்களில் மட்டம் இறங்கியதும் கார் கழுவாதே, செடிக்கு ஊற்றாதே என்று உத்தரவு வருகிறது. குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அந்த உத்தரவால் என்ன பயன்? உத்தரவு போடுபவர்கள் முதலில் இரண்டு காரியங்களைச் செய்யட்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் திறந்தார்கள் என்பதை, வில்லாக் குடியிருப்புகளையும் சேர்த்து, வாரந்தோறும் வெளியிடட்டும். தெரு முனையில் உள்ள அந்த இணைப்பை இந்த வாரமே மாற்றட்டும். அதுவரை, மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கட்டணச் சீட்டை அனுப்ப அவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது.