வாசலைத் தாண்டாவிட்டாலும் திருட்டுதான்

"நியூயார்க்கில் கடை வாசலைத் தாண்டும் முன்பே பிடித்துவிட்டால் திருட்டு வழக்கு நிற்காது, அப்பீலில் தள்ளுபடி ஆகிவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை நண்பரே. இதை நம்பி யாராவது வக்கீல் பேச்சைத் தட்டிவிட்டால் பாதிப்பு அவருக்குத்தான்.

நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-லேயே மூன்று வழக்குகளைச் சேர்த்து விசாரித்து இதை முடிவு செய்துவிட்டது. ஒருவர் தோல் ஜாக்கெட்டின் விலைச்சீட்டையும் அலாரம் வில்லையையும் பிய்த்துவிட்டு, தன் பழைய ஜாக்கெட்டைக் கழற்றி வைத்து, கடை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். கடைக்குள்ளேயே பிடித்தார்கள். மூவரின் தண்டனையும் உறுதியானது. சுய சேவைக் கடையில் பொருளைக் கையில் எடுப்பது தவறில்லை; ஒளித்தல், சுற்றுமுற்றும் பார்த்தல், கல்லாவைத் தாண்டுதல் போன்றவை சேர்ந்து, உரிமையாளருக்கு எதிராக அதை வசப்படுத்தினார் என்று காட்டினால் போதும்.

இன்னொன்று: குற்றச்சாட்டு மனு (வழக்கைத் தொடங்கிவைக்கும் எழுத்து மூலமான குற்றச்சாட்டு) செல்லுமா என்பது வேறு, விசாரணையில் சாட்சியம் போதுமா என்பது வேறு. மனுவில் குற்றத்தின் ஒவ்வொரு கூறுக்கும் (அது குற்றமாக இருக்கத் தேவையான ஒவ்வொரு அம்சத்துக்கும்) நேரில் கண்டவர் சொன்ன விவரம் இருந்தால் போதும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது விசாரணையில்தான். ஒரு கூறு அடியோடு விடுபட்டிருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கூட அப்பீலில் அதை எழுப்பலாம். வாசல் தூரத்தைவிட அந்த மனுவின் வாசகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.