ஊதா நிறம் மங்கினால் மருந்து பிறந்துவிடுமா?

வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, மக்கள் வைத்தியம் தேடி வரும் ஊர் எங்கள் வேலூர். அந்த ஊரிலேயே ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரு மூலிகைச் சாறு நாலு உயிரணுக்களைக் கொன்றுவிட்டால் போதும், "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று மறுவாரமே செய்தி வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், பெரியப்பா முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை என்னைத்தான் கேட்கிறார்கள்: "அந்த இலை எங்கே கிடைக்கும் தம்பி? வெறும் வயிற்றில் எத்தனை மெல்ல வேண்டும்?"

ஆய்வகத்தில் நடப்பது இவ்வளவுதான். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புற்று உயிரணுக்களை வளர்த்து, குழிக்குக் குழி அளவைக் கூட்டிச் சாற்றை விட்டு, ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிருள்ள அணுக்கள் அதை ஊதாப் படிகமாக மாற்றும், செத்தவை மாற்றா. ஊதா எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைக் கருவி அளந்து சொல்லும். அதே குழியில் பினாயிலை விட்டாலும் ஊதா மங்கத்தான் செய்யும். அதனால்தான் இயல்பான உயிரணுக்களையும் பக்கத்தில் வைத்து, அவை பிழைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறோம். அந்த ஒப்பீடே இல்லாத ஆய்வேடுகள் எத்தனை என் மேசைக்கு வந்திருக்கின்றன! போதாக்குறைக்கு, சாற்றிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்களே சில வேளை சாயத்தை ஊதாவாக்கிவிடும். அணுவே இல்லாத குழியில் வெறும் சாற்றைச் சோதித்துப் பார்த்தாலொழிய அது வெளியே தெரியாது.

அளவு விஷயம் இன்னும் எரிச்சலூட்டுகிறது. பிரித்தெடுக்காத சாறு பாதி உயிரணுக்களைக் கொல்ல மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் போதுமானால்தான் மேலே ஆராயத் தக்கது என்று பரவலாகக் கொள்கிறார்கள். இங்கே 200 மைக்ரோகிராமில் கொன்றதையும் "சிறந்த செயல்பாடு" என்று எழுதுகிறார்கள். உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவு வேண்டுமென்றால், 1 கிராம் சாறு குடலையும் கல்லீரலையும் தாண்டி ஒரே நேரத்தில் ரத்தத்தில் நிற்க வேண்டும். நாலு இலையை மென்று அதை எப்படி எட்டுவது? அதிலும், ஆய்வகத்தில் இலையை மெத்தனாலில் வடித்திருப்பார்கள். வீட்டில் தண்ணீரில் கஷாயம் வைப்பார்கள். இரண்டிலும் கரைந்து இறங்கும் சரக்கு ஒன்றல்ல.

செடி எது என்பதிலேயே சிலருக்கு அக்கறை இல்லை. ஜவ்வாது மலைக்குப் போய்ப் பறித்து, தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து, மாதிரியை உலர்த்தி வைக்கப் பொறுமையில்லாமல், லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே வாங்கிவந்துவிடுகிறார்கள். கீழாநெல்லி என்று விற்கும் சரக்கில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருப்பதுண்டு என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் மூலிகைக்கு எதிரியல்லன். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வந்தது. 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால், அந்த ஒற்றைப் பொருளை இலையிலிருந்து பிரித்தெடுத்து, விலங்குகளிலும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்து, வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாமல் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். மிஞ்சினால் நரம்பையே கெடுத்துவிடும் மருந்து அது. அந்த இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவரிடம் நான் என்ன சொல்வது? செய்தியை நம்பிக் கீமோவைப் பாதியில் விட்டவர், கட்டி பரவிய பிறகு திரும்பி வந்ததை நேரில் பார்த்தவன் நான்.

அண்மையில் ஒரு கல்லூரியின் செய்திக்குறிப்பு, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. தலைப்பில் "ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில்" என்ற நான்கு சொற்களைச் சேர்க்கும்படி கேட்டேன். இடமில்லை என்றார்கள். தாளாளரின் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் இடம் இருந்தது.