ஜோக்கர் என்ன தத்துவ ஞானியா?

யார் வாட்ஸ்அப் டிபியைத் திறந்தாலும் பேட்மேன் கதை வில்லன் ஜோக்கர்தான் இளிக்கிறான். காதல் தோல்வியா, ஜோக்கர். இன்கிரிமென்ட் போடலையா, அதுக்கும் ஜோக்கர். 1940-ல் காமிக்ஸில் வந்தப்பவே கொலைகாரன்தான்யா அவன்! 1988-ல் பேட்மேனோட கூட்டாளி ராபினா இருந்த ஜேசன் டாட்டைக் கடப்பாரையால் அடிச்சு நொறுக்கினான். அதே வருஷம், கதவைத் திறந்த போலீஸ் கமிஷனர் மகள் பார்பராவைச் சுட்டு நடக்க முடியாம ஆக்கினான். இவன் வசனமா உங்களுக்கு வாழ்க்கைப் பாடம்? அவனை விரும்பின ஹார்லி க்வின்னை அவன் படுத்தின பாட்டைக் காதல்னு வேற ஷேர் பண்றீங்க. சினிமாவுல ஜோக்கரா நடிச்ச ஹீத் லெட்ஜர் நாக்கால் உதட்டைத் தடவுற அந்த விதத்துக்கு நானும் சொக்கிப்போனவன்தான். எவனுக்கும் பயப்படாம, எதுக்கும் பதில் சொல்லாம திரியறவன் ஆளை இழுக்கத்தான் செய்வான். அதுக்காக அடிபட்டவங்க பேர்கூடவா மறந்துபோகும்? பார்பரா படம் வச்ச ஒரு டிபி காட்டுங்க, பார்ப்போம்!