மெட்ஸ் அணியின் பயிற்சியாளர்கள்: பழி சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்ததா?

2025 ஜூன் 12 அன்று இரவு நியூயார்க் மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி என்ற கணக்கோடு வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலில் முதலிடத்தில் இருந்தது. செப்டம்பர் 28 அன்று மயாமியில் 4-0 என்று தோற்று, 83 வெற்றி, 79 தோல்வியோடு சீசனை முடித்தபோது, கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃப் வாய்ப்பே கைவிட்டுப் போயிருந்தது. அதே 83 வெற்றிகளைப் பெற்றிருந்த சின்சினாட்டி ரெட்ஸ், இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் முந்தியிருந்ததால் உள்ளே நுழைந்தது. அந்தக் கடைசி நாளில் ரெட்ஸும் தோற்றது. மெட்ஸ் அன்று வென்றிருந்தாலே போதும் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர முன்வந்த அணி இது. உரிமையாளர் ஸ்டீவ் கோஹென் ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அதன்பின் சில நாட்களிலேயே பிட்சிங் (பந்துவீச்சு) பயிற்சியாளர் ஜெரமி ஹெஃப்னரும், பேட்டிங் பயிற்சியாளர்கள் எரிக் சாவேஸ், ஜெரமி பார்ன்ஸ் ஆகியோரும் நீக்கப்பட்டார்கள். களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் கார்லோஸ் மென்டோசா நீடித்தார். வீரர்களைத் தேர்ந்து அணியை அமைக்கும் தலைவர் டேவிட் ஸ்டர்ன்ஸும் நீடித்தார். பயிற்சியாளரை அணியின் வெற்றி தோல்விக் கணக்கால் மட்டும் எடை போடுவது நியாயமாகாது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வீரரிடம் அவர் என்ன மாற்றத்தை உண்டாக்கினார் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அப்படிப் பார்த்தால் இந்த நடவடிக்கைகளில் ஒரு பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது.

ஹெஃப்னரின் நீக்கம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. யாங்கீஸ் அணியில் ஆட்டத்தின் இறுதியில் வந்து ஓர் இன்னிங்ஸ் (ஆட்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று) மட்டும் வீசிக்கொண்டிருந்த கிளே ஹோம்ஸ், மெட்ஸில் முதல் பந்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக மாற்றப்பட்டு, 165 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சக வீரர்களின் தவறால் வந்தவற்றைத் தவிர்த்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.53 ரன்களையே விட்டுக்கொடுத்தார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவரை இப்படி மாற்றுவது எளிதல்ல. சீசன் சரியத் தொடங்கியதற்கு ஒரு தேதி உண்டு: அதே ஜூன் 12. அதுவரை 1.47 என்ற சராசரியோடு வீசிய கோடாய் செங்கா, முதல் பேஸை (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) நோக்கி ஓடி, சக வீரர் பீட் அலோன்சோ உயரமாக எறிந்த பந்தை எட்டிப் பிடிக்கத் தாவியபோது தொடைத் தசையில் காயமடைந்தார். திரும்பி வந்தபின் அவரால் பழையபடி வீச முடியவில்லை. செப்டம்பரில் தாமே சம்மதித்துச் சிராக்யூஸில் உள்ள மைனர் லீக் (கீழ்நிலை) அணிக்குப் போனார். அதே ஜூன் மாதத்தில் கிரிஃபின் கேனிங்கின் குதிகால் தசைநாண் அறுந்தது. பின்னர் பல வாரங்களுக்கு டேவிட் பீட்டர்சனைத் தவிர எந்தத் தொடக்கப் பிட்சரும் ஆறு இன்னிங்ஸைத் தாண்டவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற மீதி இன்னிங்ஸ்களை நாள்தோறும் சுமந்த புல்பென் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் பிட்சர்கள்) களைத்துப்போனது.

இதைச் சரிசெய்யும் வாய்ப்பு ஸ்டர்ன்ஸுக்கு, பிற அணிகளிடமிருந்து வீரர்களைப் பெறுவதற்கான கடைசி நாளான ஜூலை 31 வரை இருந்தது. அவர் ரயன் ஹெல்ஸ்லி, டைலர் ரோஜர்ஸ், கிரெகரி சோட்டோ ஆகிய மூன்று புல்பென் பிட்சர்களை வாங்கினார். தொடக்கப் பிட்சர் ஒருவரைக்கூட வாங்கவில்லை. செயின்ட் லூயிஸ் அணியில் சிறப்பாக வீசிக்கொண்டிருந்த ஹெல்ஸ்லியின் சராசரி மெட்ஸில் 7.20 ஆனது. அதற்குப் பயிற்சியாளரும் ஓரளவு பொறுப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் நடுவில் வந்த நோலன் மெக்லீன் என்ற இளைஞர் எட்டு ஆட்டங்களில் 2.06 என்ற சராசரியோடு வீசிய பிறகு, இதே திறனுள்ள கைகளை ஏன் முன்பே அழைக்கவில்லை என்ற கேள்வி ஹெஃப்னரிடம் கேட்க வேண்டியதல்ல.

பேட்டிங் பயிற்சியாளர்கள் மாற்றப்பட்டதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அலோன்சோ 38 ஹோம் ரன்கள் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார், பிரெட் பேட்டி என்ற வீரர் முன்னேறினார். ஆனாலும் முந்தைய ஆண்டு 27 ஹோம் ரன்கள் அடித்த மார்க் வியென்டோஸ் 17க்கு இறங்கினார். எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 70 ஆட்டங்களில் ஒன்றைக்கூட மெட்ஸ் மீட்டெடுக்கவில்லை. இவ்வளவு பலமான பேட்டர்களைக் கொண்ட அணிக்கு இது நேர்ந்ததை வெறும் துரதிர்ஷ்டம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மிகப் பெரிய இழப்பு, நீக்கப்பட்டவர்களின் பட்டியலிலேயே இல்லாதவர்: முதல் பேஸ் பயிற்சியாளர் அன்டோவன் ரிச்சர்ட்சன். ஹுவான் சோட்டோ வேகமாக ஓடக்கூடியவர் அல்லர். 2025க்கு முன் ஒரு சீசனில் அவர் திருடிய பேஸ்கள், அதாவது பிட்சர் வீசும்போதே ஓடி எட்டிய அடுத்த பேஸ்கள், அதிகபட்சம் 12. 2025 சீசனில் 38. பிட்சரின் அசைவைப் படித்து, அவர் பந்தை வீசப்போகும் நொடியை முன்கூட்டியே உணர்ந்து கிளம்பும் கலையை, பட்டமும் பணமும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒரு நட்சத்திரத்துக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதும், அவரும் அதை ஆர்வத்தோடு கற்றுக்கொள்ளும்படி செய்வதும் அரிய சாதனை. பயிற்சியின் பயன் இவ்வளவு தெளிவாக எண்ணிக்கையில் தெரிவது பேஸ்பாலில் அபூர்வம். அப்படிப்பட்டவரைத் தக்கவைத்துக்கொள்ளாமல், ஆண்டுக்கு 13 முறை எதிர்த்து ஆட வேண்டிய அட்லாண்டா பிரேவ்ஸிடம் போகவிட்டிருக்கிறார்கள். இதை என்னால் சற்றும் ஏற்க முடியவில்லை.

மென்டோசா நீடித்ததை ஏற்கிறேன். 2024இல் இதே மேனேஜர்தான் அணியை மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். ஆனால் செப்டம்பரில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றபோது களத்தில் தெரிந்த தடுமாற்றத்துக்கு, உதவியாளர்களைவிட அவரே அதிகம் பதில் சொல்ல வேண்டும். புதிய பிட்சிங் பயிற்சியாளரிடம் ஸ்டர்ன்ஸ் எத்தனை நம்பகமான தொடக்கப் பிட்சர்களை ஒப்படைக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். அந்த இடங்கள் நிரம்பாவிட்டால், ஹெஃப்னருக்கு நேர்ந்ததே அடுத்து வருபவருக்கும் நேரும்.