அவள் படித்தது ஆவணங்களை

சனிக்கிழமை பள்ளி வரலாற்றுப் போட்டியில் நடுவர் என் மகளிடம் கேட்ட கேள்வி உங்களில் பலருக்குத் தெரியும். "நீ எந்த நாட்டுப் பெண்?" அவள் பிறந்ததே இங்கே, அமெரிக்காவில்தான். மூன்று நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் அணுகுண்டு போடும் முடிவை அமெரிக்கா எப்படி எடுத்தது என்பது அவளுடைய தலைப்பு. சரி என்றோ தவறு என்றோ ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஆவணங்களைப் படித்தாள். அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் 1945 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். "இங்க பாருங்கப்பா" என்றாள். குண்டு வீசச் சொல்லும் ராணுவ உத்தரவின் தேதி ஜூலை 25. ஜப்பானைச் சரணடையச் சொல்லும் பாட்ஸ்டாம் அறிக்கை வந்தது ஜூலை 26. இரண்டு கட்டத்துக்கும் மஞ்சள் அடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த காலத்தில் இது 'பொருத்துக' பகுதியில் வரும். ஒரு பக்கம் குண்டின் பெயர், மறுபக்கம் அது விழுந்த ஊர்: லிட்டில் பாய் – ஹிரோஷிமா, ஃபேட் மேன் – நாகசாகி. இரண்டு மார்க். வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன்.

ஜப்பான் முதலில் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை மறந்துவிட்டாளா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, முதல் பலகையே அதுதான். குண்டு போடாமல் ஜப்பானுக்குள் படையெடுத்துப் போயிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த கொடூரமான சண்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். அதையும் எழுதியிருக்கிறாள். கூடவே, அமெரிக்கப் படையில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ போயிருப்பார்கள் என்று அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஸ்டிம்சன் எழுதிய கட்டுரை 1947இல் வந்தது என்பதையும் எழுதினாள். ஆகஸ்ட் 8 அன்று சோவியத் யூனியன் ஜப்பான் மேல் போர் அறிவித்ததையும் எழுதினாள். ஆவணத்தில் இருப்பதை எழுதினால் அது தேசத் துரோகமா?

சரணடைவதற்கான விதிமுறைகளைப் பகிரங்கமாகச் சொல்லி, அதை ஜப்பான் மறுத்தாலொழிய குண்டைப் போடாதீர்கள் என்று அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு மனு எழுதியது யார்? விஞ்ஞானி லியோ சிலார்டும் அவரோடு சிகாகோவில் அதே குண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களும். மொத்தம் எழுபது கையெழுத்து. அவர்களிடமும் "நீ எந்த நாடு" என்று கேட்க முடியுமா?

"பதினாலு வயசுக்கு இதெல்லாம் தேவையா" என்று நம் ஆட்களே கேட்டதுதான் அதிகம் வலிக்கிறது. ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு ஹிரோஷிமாவில், தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடம் ஒழிக்கும் வேலையில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியே நின்றிருந்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயசு. அவர்களுக்கு மட்டும் அது எந்த வயசு? அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு என் மகள் சாப்பிடவே இல்லை. ஆனாலும் மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து குறிப்பெடுத்தாள். அந்த நடுவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

வீடு திரும்பும்போது பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "அடுத்த வருஷம் ரயில் பாதை பத்தி எடுத்துக்கறேன்ப்பா. அதுக்கு யாரும் கோச்சுக்க மாட்டாங்கல்ல?" என்றாள்.