பூண்டு உப்பிலும் இருப்பது உப்புதான்

"பூண்டு உப்பு, மிளகு உப்பெல்லாம் மூலிகை மாதிரி, பிரஷர் உள்ளவங்க தாராளமா சேர்க்கலாம்"னு மேலே ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அக்கா, இது சரியில்ல. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க இதை நம்பிடக் கூடாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. என்னென்ன சேர்த்திருக்குன்னு எழுதியிருக்கிற பட்டியலில், எடையில் எது கூடுதலோ அதைத்தான் முதலில் போடுவாங்க. பூண்டு உப்பில் பெரும்பாலும் முதலில் இருப்பது உப்பு. மூணு பங்கு உப்புக்கு ஒரு பங்கு பூண்டுப்பொடி என்பது வழக்கமான கலவை. ஸ்பூனுக்கு ஸ்பூன் பார்த்தா, உப்புல பிரஷரைக் கூட்டுற சோடியம், சாதா உப்பை விட இதில் கொஞ்சம் குறைவு, அது உண்மை. ஆனா நம்ம ஊர்ல சாளைக் குழம்புக்குக் கல்லுப்பும் போட்டு, இறக்கும்போது மணத்துக்குன்னு இதையும் தூவுறாங்க. மரச்சீனிக்கிழங்குக்கும் இதே கதைதான். அப்போ உப்பு கூடத்தானே செய்யும்?

பெரியவங்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள, உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கருவாடும் ஊறுகாயும் உள்ள நாள்ல அதுவே தாண்டிரும். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்போ, இந்துப்போ, எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்.

"சோடியம் குறைந்தது"ன்னு விற்கிற உப்புல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி கோளாறு உள்ளவங்களும், சில வகை பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்களும் டாக்டரைக் கேட்காம அதைத் தொடக் கூடாது.

மணம்தான் வேணும்னா உப்பில்லாத பூண்டுப்பொடி வாங்குங்க. நெத்திலி பொரிக்க நல்லமிளகு, சின்ன உள்ளி, பூண்டு, கறிவேப்பிலையை அம்மியில் சதைச்சுப் புரட்டி, உப்பைத் தனியா அளந்து போடுங்க.